உணவுத் தாளில் மாவுச்சத்தின் அளவையும் எழுதுங்கள்

நீரிழிவுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும் உணவியல் வல்லுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

இரண்டாம் வகை நீரிழிவு ஒருவருக்கு இருப்பதாக உறுதிசெய்யும் அன்றே, மாத்திரையைப் பற்றிப் பேசும் அதே அமர்வில், மாவுச்சத்தைக் (கார்போஹைட்ரேட்) கணிசமாகக் குறைத்து உண்ணும் வழியும் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். எல்லாரும் அப்படித்தான் உண்ண வேண்டும் என்று கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. இன்ன பலன் கிடைக்கலாம், இன்ன சிரமம் இருக்கும், இன்னாருக்கு இது ஆகாது என்று விளக்கி, விரும்புபவர் உங்கள் கண்காணிப்பிலேயே அதைச் செய்து பார்க்க வழிவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. எனக்கு மருத்துவப் பட்டம் எதுவும் இல்லை. இந்த நோயோடு வாழ்கிறவன் என்ற முறையிலும், இதுபற்றி வெளிவந்த ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

உங்கள் மேசையிலிருந்து எங்கள் கைக்கு வரும் அச்சிட்ட உணவுத் தாளை ஒருமுறை நோயாளியின் கண்கொண்டு படித்துப் பாருங்கள். சர்க்கரை, இனிப்புப் பண்டங்கள், குளிர்பானங்கள் ஆகியவை ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் வந்துவிடுகின்றன. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழங்கள் ஆகியவை ‘அளவோடு உண்ணலாம்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. எந்த அளவோடு என்பதுதான் எங்கும் இல்லை. பெரும்பாலான தாள்களில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் உண்டு. அந்தச் சிற்றுண்டியும் பிஸ்கட்டாகவோ பழமாகவோதான் இருக்கும். காலைப் பானத்தில் சர்க்கரையை நிறுத்திவிட்ட ஒருவர், தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நிம்மதி அடைந்துவிடுகிறார். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருப்பது ஏறத்தாழ 4 கிராம் மாவுச்சத்து. சமைத்த வெள்ளரிசிச் சோறு 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 28 கிராம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து எங்களுக்கு யாரும் காட்டுவதில்லை.

நீங்கள் நன்கு அறிந்த இன்னொரு கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உடலில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர் என்றும், வெறும் வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றும் கொண்டால், மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் 5 கிராம்தான். அந்த ரத்தத்துக்குள் ஒரு வேளைச் சோறு, சில மணி நேரத்துக்குள்ளாக 70 கிராமைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நோயில்லாத உடலில் இன்சுலின் உடனே சுரந்து அதைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிவைக்கிறது, கல்லீரலும் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் தசை அந்தக் கட்டளையை எளிதில் ஏற்பதில்லை, கல்லீரல் உற்பத்தியை நிறுத்துவதில்லை, கணையமோ ஆண்டுக்கு ஆண்டு களைத்துக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட உடலுக்குள் வந்து சேரும் குளுக்கோஸின் அளவைக் குறைப்பதுதான் முதலில் தோன்ற வேண்டிய யோசனை. ஆனால் நடைமுறையில், உள்ளே வருவதை அப்படியே விட்டுவிட்டு, வந்ததை வெளியேற்ற ஒன்றன் மேல் ஒன்றாக மருந்துகளைச் சேர்ப்பதே வழக்கமாகிவிட்டது.

‘குறைந்த மாவுச்சத்து’ என்று ஆளுக்கொரு பொருளில் சொல்கிறார்கள் என்பதால், நான் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவர், பொதுவான பரிந்துரைப்படி அதில் 45 முதல் 65 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெற்றால், அது 225 முதல் 325 கிராம் வரை வரும். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்றும், 20 முதல் 50 கிராமுக்குள் இறங்கினால் மிகக் குறைந்த அளவு அல்லது கீட்டோ உணவு என்றும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வகைப்படுத்துகிறார்கள். நான் பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி. இரண்டாவது வகைக்கு இன்னும் கூடுதலான மருத்துவக் கண்காணிப்பு தேவை.

இந்த வழிக்குச் சான்று உண்டா என்ற கேள்விக்கு, உங்கள் துறையின் ஆவணங்களே விடை தருகின்றன. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட ஊட்டச்சத்து ஒருமித்த அறிக்கை, உணவில் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதே ரத்தச் சர்க்கரையைச் சீராக்குவதில் மிக அதிகச் சான்றுகளைக் கொண்ட வழி என்றும், அதைப் பலவகை உணவு முறைகளின் வழியாகச் செய்யலாம் என்றும் கூறியது. பிரிட்டனில் அரசுக்கு ஆலோசனை வழங்கும் ஊட்டச்சத்து அறிவியல் குழு 2021-இல், எடை கூடிய இரண்டாம் வகை நீரிழிவாளர்களுக்கு இதைக் குறுகிய காலத் தெரிவாக வழங்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 23 ஆய்வுகளில் பங்கேற்ற 1357 பேரின் தரவுகளைத் திரட்டியது. நோய்த் தணிவு (சர்க்கரை அளவு நீரிழிவு வரம்புக்குக் கீழே இறங்குவது) பற்றிய தகவலைத் தந்த ஆய்வுகளில், ஆறு மாத முடிவில், குறைந்த மாவுச்சத்து உண்டவர்களில் 57 விழுக்காட்டினரின் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழே வந்திருந்தது. மற்ற உணவு முறையினரில் அது 31 விழுக்காடு. இந்தக் கணக்கில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அடக்கம் என்பதையும், மருந்தே இல்லாமல் என்று வரையறுத்தால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்பதையும், பன்னிரண்டு மாதத்தில் பலன் பெரிதும் மங்கிவிட்டது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. இணையத்தில் இந்த உணவு முறையைப் போற்றுவோர் பலர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. நீங்கள் சொன்னால் எங்களுக்கு உங்கள் மீது நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

ஆறு மாதத்தில் கிடைத்த பலன் ஓராண்டில் ஏன் மங்குகிறது? உணவு வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது என்று நான் கருதவில்லை. மக்கள் பழைய தட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், அவர்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை என்பதே முதன்மையான காரணம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் பொது மருத்துவராகப் பணியாற்றிய டேவிட் அன்வின், தம் நோயாளிகள் உண்ணும் ஒவ்வொரு பண்டமும் ரத்தச் சர்க்கரையை எத்தனை தேக்கரண்டிச் சர்க்கரைக்கு நிகராக உயர்த்தும் என்று படங்களாக வரைந்து காட்டியே இதை விளக்கிவருகிறார். அவருடைய மருத்துவமனையில் இந்த வழியைத் தாமே தேர்ந்துகொண்ட 186 நீரிழிவாளர்களில், சராசரியாக 33 மாதங்களுக்குப் பின் 51 விழுக்காட்டினர் மருந்தின்றி நோய்த் தணிவு பெற்றிருந்ததாக 2023-இல் பதிவுசெய்திருக்கிறார். இது சமவாய்ப்பு முறையில் நடந்த ஆய்வன்று. விருப்பத்தோடு வந்தவர்களின் கணக்கு. ஆனாலும் அதில் ஒரு செய்தி என்னை உறுத்துகிறது. நோய் கண்டறியப்பட்டு ஓராண்டு நிறையாதவர்களிடையே தணிவு பெற்றோர் 77 விழுக்காடு. அந்த முதல் ஆண்டில்தான் எங்களில் பெரும்பாலோருக்கு இந்த வழியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படுவதில்லை.

உடல் எடையைப் பொறுத்தவரை, என் தரப்பினரின் ஆர்வத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. முதல் இரண்டு வாரங்களில் எடைக் கருவி காட்டும் இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது, சேமிப்பு கரையும்போது அந்த நீரும் போய்விடுகிறது. இஸ்ரேலில் 322 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், குறைந்த கொழுப்பு உணவினர் 2.9 கிலோவும், மத்தியதரைக்கடல் பகுதி உணவினர் 4.4 கிலோவும், குறைந்த மாவுச்சத்து உணவினர் 4.7 கிலோவும் இழந்தனர். ஆனால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இரு தரப்பும் தரமான, பதப்படுத்தாத உணவையே உண்ணும்படி அறிவுறுத்தப்பட்டபோது, ஓராண்டில் குறைந்த கொழுப்புத் தரப்பு 5.3 கிலோவும் குறைந்த மாவுச்சத்துத் தரப்பு 6 கிலோவும் இழந்தன. அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. எடை குறைவதற்கு மட்டும் என்றால், எதை ஒருவரால் ஆண்டுக்கணக்கில் தொடர முடியுமோ அதுவே அவருக்கு ஏற்ற உணவு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைட் பகுதியிலும் 306 பேரிடம் நடந்த டைரக்ட் ஆய்வில் வெறும் கலோரிக் குறைப்பாலேயே, அதைப் பின்பற்றிய தரப்பில் ஓராண்டில் 46 விழுக்காட்டினர் நோய்த் தணிவு பெற்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தணிவுக்கு ஒரே பாதைதான் என்று நான் வாதிடவில்லை.

மாவுச்சத்தைக் குறைப்பதன் தனிப் பலன் எடையைக் காட்டிலும் வேறு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் உச்சம் தணிகிறது, ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு இறங்குகிறது, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் ஓரளவு உயர்கிறது, கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைகிறது, பலருக்கு ரத்த அழுத்தமும் இறங்குகிறது. தேவைக்கு மேற்பட்ட சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித்தான் ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்புகிறது என்பதால், வரத்து குறையும்போது அந்த எண் முதலில் விழுவதில் வியப்பில்லை. பசி அடங்குவதாகவும் பலர் சொல்கிறார்கள். அது உண்மையா என்று சோதிக்க அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் 20 பேரை உள்நோயாளிகளாகத் தங்கவைத்து நடந்த ஆய்வு (2021) எதிர்பார்ப்புக்கு மாறாக முடிந்தது: கொழுப்பு குறைந்த தாவர உணவை உண்ட இரண்டு வாரங்களில், கீட்டோ உணவு வாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாகவே அவர்கள் உண்டார்கள். ஆனால் உணவுக்குப் பின் வரும் சர்க்கரையும் இன்சுலினும் கீட்டோ உணவில்தான் தாழ்வாக இருந்தன. ஆக, நீரிழிவாளர் ஒருவருக்கு எது முதன்மை என்பதைப் பொறுத்தே இந்த ஆய்வைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இது நேற்று முளைத்த நவீன மோகம் என்று சிலர் ஒதுக்குவதால் வரலாற்றை ஒரே பத்தியில் சொல்லிக் கடக்கிறேன். பிரிட்டிஷ் படை மருத்துவர் ஜான் ரோலோ 1797-லேயே மாவுப் பொருள்களை விலக்கிய உணவை நீரிழிவுக்குப் பரிந்துரைத்தார். 1922-இல் முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை மருத்துவர்களின் கையில் இருந்த சிகிச்சை பெரும்பாலும் இத்தகைய உணவுக் கட்டுப்பாடாகவே இருந்தது. 1921-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்கென்று கீட்டோ உணவை முன்மொழிந்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், அந்த உணவு உண்ட குழந்தைகளில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன, உண்ணாத குழந்தைகளில் 6 விழுக்காட்டினருக்கே அப்படிக் குறைந்தன. இன்றும் மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்துகின்றன.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய முதன்மையான கவலைக்கு வருகிறேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் எங்களில் பலர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை ரொட்டியையும் சோற்றையும் முற்றாக நிறுத்திவிட்டு, பழைய மருந்துச் சீட்டில் உள்ள மாத்திரைகளை அப்படியே விழுங்கும் மனிதரை எண்ணிப் பாருங்கள். அவர் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், அந்த அளவு அவர் முன்பு உண்ட மாவுச்சத்துக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்டது. உணவு குறைந்து மருந்து மட்டும் அப்படியே தொடர்ந்தால் அன்று பிற்பகலிலேயே சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். இன்சுலின் தாழும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுவதால், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழலாம், தசைப்பிடிப்பும் வரலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் வகை மருந்தை எடுப்பவருக்கோ ஆபத்து இன்னும் மறைவானது. அந்த மருந்தும் மாவுச்சத்துக் குறைப்பும் சேர்ந்து கீட்டோன்களை (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள்கள்) உயர்த்தி, ரத்தம் ஆபத்தான அளவில் அமிலமாகும் கீட்டோஅமிலத்தன்மைக்குக் கொண்டுபோய்விடலாம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு எல்லாம் இருக்கும், குளுக்கோமீட்டரில் எண் மட்டும் பெரிதாக உயர்ந்திருக்காது. ‘சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டாரும் அவரும் காத்திருப்பார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மருந்து வகைக்கு 2015-லேயே இத்தகைய எச்சரிக்கையை வெளியிட்டது. இதையெல்லாம் ஒரு நோயாளி தானே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

‘நம் நோயாளி இதைக் கேட்கவில்லையே, நாம் ஏன் சொல்ல வேண்டும்’ என்ற மௌனம்தான் அவரைத் தனியே இந்த ஆபத்துக்குள் அனுப்புகிறது. கேட்டபோது ‘அதெல்லாம் வேண்டாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார். செய்வதையும் சொல்ல மாட்டார். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், முற்றிய சிறுநீரக நோயாளிகள், உண்ணுதல் தொடர்பான மனநலக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல என்றோ தனிக் கவனம் இன்றிச் செய்யக்கூடாது என்றோ சொல்லித் தடுக்கவும் உங்கள் வாயைத் திறந்தால்தான் முடியும்.

‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல்லைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. இந்த உணவில் சிலருக்கு, குறிப்பாக ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்கு, எல்டிஎல் கணிசமாக உயர்ந்துவிடுகிறது. அதை ஒரு பொருட்டாகவே கருத வேண்டாம் என்று சொல்லும் பிரசாரகர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் தீர்வு, தட்டில் மாவுச்சத்து விட்டுச்சென்ற இடத்தை எது நிரப்புகிறது என்பதில் இருக்கிறது. லான்செட் பொதுநலவாழ்வு இதழ் 2018-இல் வெளியிட்ட நெடுங்கால அவதானிப்பு ஆய்வில், ஆற்றலில் 50 முதல் 55 விழுக்காடு வரை மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது; அதற்கு மேலேயும் கீழேயும் கூடியது. கீழே சென்றவர்களிலும், மாவுச்சத்துக்குப் பதிலாக இறைச்சியையும் விலங்குக் கொழுப்பையும் உண்டவர்களிடம் இறப்பு கூடியது. கொட்டைகள், பருப்புகள் போன்ற தாவரப் புரதத்தையும் தாவரக் கொழுப்பையும் உண்டவர்களிடம் குறைந்தது. முந்தைய ஆண்டு 18 நாடுகளைச் சேர்ந்த 1,35,335 பேரிடம் நடந்த ப்யூர் ஆய்வோ, மாவுச்சத்து மிகுந்த உணவோடுதான் அதிக இறப்பைத் தொடர்புபடுத்தியது. அவதானிப்பு ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவது புதிதல்ல, ஒரு நீரிழிவாளரின் தட்டை இவற்றை மட்டும் வைத்து முடிவுசெய்துவிட முடியாது. ஆனால் கீரைகள், காய்கள், கொட்டைகள், முட்டை, மீன், எண்ணெய் வித்துகள் என்று நிரப்பப்படும் தட்டும், பதப்படுத்திய இறைச்சியால் நிரப்பப்படும் தட்டும் ஒன்றல்ல என்பதை எங்களுக்குச் சொல்லித்தர உணவியல் வல்லுநர்களைவிடத் தகுதியானவர் யார்? பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் வலியுறுத்தியது; மாவுச்சத்தைக் குறைத்தாலும் அந்த அளவு குறையாமல் தட்டை அமைப்பது திட்டமிட்டால்தான் கைகூடும்.

‘நோயாளிகள் பின்பற்ற மாட்டார்கள்’ என்ற வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பின்பற்றும்படி ஒரு சான்றை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். ஒரு நாள் காலை, இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பை பழச்சாறும் உண்பதற்கு முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கட்டும். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்கட்டும். மறுநாள் அதே நேரத்தில், முட்டையும் கீரையும் ஒரு கைப்பிடிக் கொட்டைகளும் உண்டு, அதேபோல் இருமுறை சோதிக்கட்டும். முதல் நாள் உள்ளே போன மாவுச்சத்து ஏறத்தாழ 50 கிராம். இரண்டாம் நாள் 10 கிராம்கூட இருக்காது. நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் முன் வந்து அமரும் மனிதருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எச்பிஏ1சி ஒரு சராசரி. எந்தத் தட்டு எந்த உயரத்துக்குச் சர்க்கரையை ஏற்றியது என்பதை அது காட்டிக்கொடுப்பதில்லை.

ஆகவே, உங்கள் சங்கங்களும் மருத்துவமனைகளும் செய்ய இயலும் சிலவற்றைக் கேட்கிறேன். உணவுத் தாளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே மாவுச்சத்து எத்தனை கிராம் என்று அச்சிடுங்கள். நோய் கண்டறிந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே உணவியல் வல்லுநரோடு ஓர் அமர்வை ஏற்பாடு செய்து, மாவுச்சத்துக் குறைப்பு, கலோரிக் குறைப்பு, மத்தியதரைக்கடல் பகுதி உணவு ஆகியவற்றை இணையான தெரிவுகளாக முன்வையுங்கள். தேர்வை எங்களிடம் விடுங்கள். மாவுச்சத்தைக் குறைக்க முன்வருபவர் தொடங்கும் நாளுக்கு முன்பே எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, எதை நிறுத்துவது என்று எழுதிக்கொடுங்கள். முதல் இரண்டு வாரங்களில் தொலைபேசியிலாவது அவருடைய எண்களைக் கேட்டுப் பாருங்கள். தொடங்குமுன் சிறுநீரகம், கொழுப்பு, கண் விழித்திரை ஆகியவற்றைப் பரிசோதித்து, மூன்று மாதத்தில் கொழுப்பின் அளவை மீண்டும் பாருங்கள். எல்டிஎல் ஏறியிருந்தால் கொழுப்பின் வகையை மாற்றச் சொல்லுங்கள், அப்போதும் இறங்காவிட்டால் வழியையே மாற்றச் சொல்லுங்கள். ஓராண்டுக்குப் பின்னும் தொடர்பவர்கள், இடையில் விட்டவர்கள், ஏன் விட்டார்கள் என்பதையெல்லாம் பதிவுசெய்து வெளியிடுங்கள். நீண்ட காலத் தரவு போதவில்லை என்பதுதான் இந்த உணவு முறை மீது நீங்கள் வைக்கும் மிகப் பெரிய குறை. அந்தத் தரவைத் திரட்டக்கூடிய இடத்தில் இருப்பவர்களும் நீங்களே.

இப்படிக்கு,
இரண்டாம் வகை நீரிழிவோடு வாழும் ஒருவன்